பூட்டு திறக்கத் தெரியாத திருடன்

மார்ச் 4

தம்பிக்கு,

இதில் எழுத்து என்னுடையது இல்லை. பேச்சு என்னுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பக்கத்து வார்டு அம்மா. முப்பது வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவர், இடுப்பெலும்பு முறிந்து இங்கே வந்திருக்கிறார். நடுவில் எங்காவது "மேற்படி" என்று வந்தால் அது அவர் கைங்கரியம். எனக்குப் பொறுப்பில்லை.

டிசம்பரில் எனக்குப் பக்கவாதம். வலது கையும் வலது காலும் என் பேச்சைக் கேட்பதில்லை. கை கால் பழக்கிவிடும் இல்லம் ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். அறையில் ஆறு கட்டில். ஜன்னலுக்கு வெளியே டயர் கடை. காலை எட்டு மணிக்குக் காற்றடிக்க ஆரம்பித்தால் சாயங்காலம்வரை அந்தச் சத்தம்தான். உன் விலாசத்தை மீசைக்காரன் கொடுத்தான். நம்மோடு கிடங்கில் லோடு ஏற்றினானே, அவனேதான். மீசை இப்போது இல்லை.

உன்னைக் கடைசியாகப் பார்த்தது கோர்ட் வராந்தாவில். நீலச் சட்டை போட்டிருந்தாய், இரண்டாவது பொத்தான் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. பழசைப் பேச இதை எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

கையை மடக்கு, நீட்டு என்றால் இங்கே ஒருவரும் செய்வதில்லை. அதனால் பிசியோ பெண் புதன்கிழமை மதியம் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள். பகடை உருட்டுவது விரலுக்குப் பயிற்சியாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு மனிதனைக் காகிதத்தில் உண்டாக்க வேண்டும். அவள் கதை சொல்வாள், இங்கே கோட்டை, அங்கே காடு, எதிரே பூதம் என்று. நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். டைப்பிஸ்ட் அம்மா மந்திரவாதி. முட்டி மாற்றிக்கொண்ட டெய்லர் ஒருவர் இருக்கிறார், அவர் போர்வீரன். மிச்சம் இருந்தது திருடன்தான். "பெரியவரே, புதுசா வந்தவங்களுக்குத் திருடன் நல்லா இருக்கும், எங்கேயும் பூந்து வரலாம்" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

திருடனை உண்டாக்குவது லேசில்லை. ஆறு முகப் பகடை நாலை உருட்டி, சின்ன எண்ணைத் தள்ளிவிட்டு, மீதி மூன்றைக் கூட்ட வேண்டும். ஆறு தடவை. இடது கையால்தான் உருட்டினேன், இரண்டு தடவை பகடை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எனக்கு விழுந்தது பதினைந்து, பதினாலு, பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது, எட்டு. எதை எதற்கு வைப்பது என்பது நம் இஷ்டம். விரல் சுறுசுறுப்புக்குப் பதினைந்து. பேச்சுக்கும் சிரிப்புக்கும் பதினாலு. உடம்பு தாங்கும் சக்திக்குப் பன்னிரண்டு. படிப்பறிவுக்குப் பதினொன்று. பலத்துக்கு ஒன்பது, மூட்டை தூக்கினால் உனக்கு அப்போதே முட்டி நடுங்கும். முன்யோசனைக்கு எட்டு.

உன்னை வைத்துத்தான் செய்தேன். எனக்குத் தெரிந்த திருடன் வேறு யார்? பெயர் கேட்டார்கள். இளையவன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு குத்துவாள், ஐம்பது அடிக் கயிறு, கறுப்புப் போர்வை, பூட்டுத் திறக்கிற கம்பிக்கட்டு ஒன்று. கம்பி விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். "எப்படித் திறக்கறான், சொல்லுங்க" என்கிறாள் பிசியோ. பகடையை உருட்டினேன், திறந்தது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாளாம். விவரமாகச் சொன்னால் பகடையில் இரண்டு எண் கூட்டித் தருவாள். அந்த வித்தை உனக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் கம்பியை விடுவது, எப்படித் திருப்புவது என்று நாலு வரி எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தை பெரியவளாகியிருப்பாள்.

அண்ணன்


மார்ச் 15

கடிதம் வந்தது. யாருக்கு என்று மேலே எழுதாமலே ஆரம்பிக்கிறேன், அந்த வார்த்தை பேனாவில் வரவில்லை.

எழுத்து என்னுடையதுதான். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது உள்ளே இருந்த மூன்று வருஷத்தில். வேறு என்ன வேலை அங்கே.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எனக்குப் பூட்டு திறக்கத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. என் வாழ்நாளில் நான் ஒரு பூட்டையும் சாவியில்லாமல் திறந்ததில்லை. இது உங்களுக்குத் தெரியும். உலகத்தில் என்னைத் தவிர இது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நீங்களே எழுதிக் கேட்கிறீர்கள்.

திருடினேன். அதை இல்லை என்று எங்கேயும் சொன்னதில்லை. தையல் தெரிந்த பெண்டாட்டி, மெஷின் இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் காவலை விட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் கிடங்குக்குள் போய் ஒரு தையல் மெஷின் தலையைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தேன். கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கியது, அவ்வளவுதான். கொண்டியை அழுத்தியிருக்கவில்லை. நீங்கள் எப்போதுமே அப்படித்தான் வைப்பீர்கள். சாவி மாடி ஆபீசில். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் ரிஜிஸ்டரில் கட்டைவிரல் வைக்க வேண்டும். அந்தக் குமாஸ்தா "கைநாட்டு வந்தாச்சு, மையை எடுங்கப்பா" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பகல் முழுக்கப் பூட்டைச் சும்மா மாட்டிவைப்பீர்கள். "தூரத்திலேந்து பாத்தா பூட்டின மாதிரியே இருக்கும்டா" என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

அழுத்திப் பூட்டினேன் என்று சாட்சி சொன்னீர்கள். திறந்த கதவில் நுழைந்தவனுக்கு ஆறு மாதம். பூட்டைத் திறந்தவனுக்கு மூன்று வருஷம். வெளியே வந்த பிறகும் எங்கே எந்தப் பூட்டு உடைந்தாலும் முதலில் என்னைத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். "வாப்பா விரல் வித்தைக்காரா" என்பார்கள்.

அதெல்லாம் போகட்டும். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட குழந்தைக்கு முப்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரியில் சூப்பர்வைசர். நல்ல பெண். சோறு போடுகிறாள், மாத்திரை வாங்கித் தருகிறாள். குளிக்கப் போகும்போது அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் அம்மா அப்படிப் பழக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு நாள் மனசு கேட்காமல் அவளிடம் சொன்னேன், அந்தப் பூட்டை நான் திறக்கலைம்மா, திறந்தேதான் இருந்தது என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொந்த அண்ணன் தம்பிக்கு எதிரா யாராவது பொய் சாட்சி சொல்வாங்களாப்பா?" என்றாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். பூட்டு பூட்டியிருக்கவில்லை என்று ஒரு வரி. எனக்கில்லை, அவள் படிக்க.

முன்யோசனைக்கு எட்டு வைத்தது சரி. பெயரை மாற்றுங்கள்.


மார்ச் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மா படித்துக் காட்டினார். ஒரு தடவைதான். போதும், எல்லாம் ஞாபகமிருக்கிறது.

இந்த வாரம் கை கொஞ்சம் தேவலை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தொடுகின்றன, நடுவிரல் இன்னும் மக்கர் பண்ணுகிறது. ராத்திரி தூக்கம் சரியில்லை, பகலில் விழிப்பு சரியில்லை.

புதன்கிழமை முதல் ஆட்டம். ஒரு பாலத்தில் மூன்று கொள்ளைக்காரர்கள் வழி மறித்தார்கள். டெய்லரின் போர்வீரன் முன்னால் போய் நின்றான். என் ஆளுக்கு ஒரு வித்தை இருக்கிறது, கேள். எதிரிக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தால், திருடன் மறுபக்கம் வந்து குத்துகிற குத்துக்கு இரட்டைப் பலன். தனியாகப் போனால் அந்தப் பலன் கிடையாது, சாதாரணக் குத்துதான். நான் பதினேழு உருட்டினேன். டெய்லர் கைதட்டினார். "தையல் போட வேண்டிய அவசியமே இல்லை, ஆள் குளோஸ்" என்றார். அவருக்கு எல்லாமே தையல் கணக்குதான்.

பூட்டு வேலையைக் காகிதத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று பிசியோவைக் கேட்டேன். "அது இல்லாட்டி அவன் என்ன திருடன், தாத்தா?" என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ எழுதிய மற்ற விஷயம். தம்பி, நான் படிக்காதவன். ஸ்டேஷனில் அவர்கள் என்ன எழுதினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? விரலைப் பிடித்தார்கள், மையில் அழுத்தினார்கள், காகிதத்தில் வைத்தார்கள். கோர்ட்டில் "இது உன் ரேகையா" என்றார்கள், ஆமாம் என்றேன். "இதில் உள்ளது உண்மையா" என்றார்கள், அதற்கும் ஆமாம்தான் வந்தது வாயில். கறுப்புக் கோட்டைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. எழுதத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. இந்த வயசில் அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? நீயும் சலித்துப் போயிருப்பாய், நானும் சலித்துப் போயிருக்கிறேன்.

குழந்தையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 2

உங்களுக்கு,

கடிதத்தை மகளிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் "பாவம், படிக்காதவர்" என்று உங்களுக்குத்தான் இரக்கப்பட்டிருப்பாள்.

என் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்று முப்பத்தொரு வருஷம் கழித்துச் சொல்கிறீர்கள். கிடங்குக்கு வந்த ஒவ்வொரு லாரியின் நம்பரையும் எழுதாமலே வைத்திருந்து, மாசக் கடைசியில் குமாஸ்தாவின் நோட்டையே திருத்தினவர் நீங்கள். ரேடியோவில் ஒரு தடவை கேட்ட செய்தியை மறுநாள் டீக்கடையில் வார்த்தை பிசகாமல் சொல்வீர்கள். காசு கொடுக்காமல் டீ குடிக்க அதுதான் உங்கள் வழி. உங்கள் தலையில் ஒன்று விழுந்தால் வெளியே போகாது. இது மட்டும் விழவில்லை என்கிறீர்கள்.

எதிரிக்குப் பக்கத்தில் நம் ஆள் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டில் நீங்கள் நின்ற பக்கம் எனக்கு ஞாபகமிருக்கிறது.

எனக்குக் கோபம்கூட இல்லை. கோபத்துக்குத் தெம்பு வேண்டும். நான் ஐந்து மணிக்கு எழுந்து பால் வாங்கி வருகிறேன், மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறேன். அந்த ஒரு வரி இல்லாத கடிதத்தை இனி அனுப்ப வேண்டாம். உங்கள் பிசியோவும் டெய்லரும் சௌக்கியமாக இருக்கட்டும்.


ஏப்ரல் 17

தம்பிக்கு,

இதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிப்பேனா என்று தெரியாது.

போன கடிதத்தை எழுதி முடித்ததும் டைப்பிஸ்ட் அம்மா பேனாவை மூடினார். உன் பதில் வந்தது, படித்தார். மறுநாள் காரிடாரில் நடைப்பயிற்சி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், அவர் வாக்கரில் பக்கத்தில் வருகிறார்.

"முப்பது வருஷம் வாக்குமூலம் அடிச்சிருக்கேன். கைநாட்டு வெக்கறவங்க வாக்குமூலத்துல கடைசி வரி எப்பவும் ஒண்ணுதான். உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சொல்லிப் பாருங்க. வருதான்னு பாப்போம்."

வந்தது. அதுதான் அதிசயம், கம்பியைப் பிடித்தபடி நான் சொல்லிக்கொண்டே போனேன். "மேற்கண்டவை யாவும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு என் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்." அவர் வாக்கரை நிறுத்திவிட்டார். "இதை எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதறேன். போன தடவை எழுதின மாதிரி இன்னொண்ணு எழுதச் சொன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார். சத்தம் போடவில்லை. எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. காரிடாரில் நாற்காலி இல்லை.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் தள்ளினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை ஆட்டத்தில் கோட்டைக்குள் போய்விட்டோம். போர்வீரனுக்கு வயிற்றில் அம்பு. மருந்து இருப்பது தானியக் கிடங்கில். கதவில் பூட்டு. மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"இளையவன் கம்பிய எடுக்கறானா?" என்றாள் பிசியோ.

"அவனுக்குப் பூட்டு திறக்கத் தெரியாதும்மா."

"ஷீட்ல இருக்கே, தாத்தா."

"ஷீட்ல பொய் எழுதச் சொன்னது நான்தான்."

டெய்லர் எழுந்தே விட்டார், முட்டி வலியை மறந்து. "யோவ் பெரியவரே, என் ஆளு சாகப்போறான்யா! பதினைஞ்சு வெச்சிருக்க விரலுக்கு, சும்மா உருட்டுய்யா!"

உருட்டவில்லை. டைப்பிஸ்ட் அம்மா என் காகிதத்தை இழுத்து, ரப்பரால் அந்த வரியை அழித்தார். மூன்று சுற்றில் போர்வீரன் செத்துப்போனான். டெய்லர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்டால்கூட இன்னொருவரிடம் சொல்லி அனுப்பினார்.

இப்போது கேள். ஸ்டேஷனில் அவர்கள் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். இதுதான் அது:

"நான் மேற்படி கிடங்கின் பகல் காவலாளி. சம்பவ தினம் பகல் ஒரு மணிக்குப் பிரதான கதவின் பூட்டை அழுத்திப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு உணவருந்தச் சென்றேன். ஒன்றே முக்கால் மணிக்குத் திரும்பியபோது பூட்டு திறக்கப்பட்டுக் கீழே கிடந்தது. சாவி மாடி அலுவலகத்தில் இருந்தது. பூட்டைத் திறந்தவர் கள்ளத்தனமாகவே திறந்திருக்க வேண்டும். எதிரி என் உடன்பிறந்த தம்பி ஆவார். அவர் கைவேலையில் தேர்ந்தவர்."

இதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பத்தொரு வருஷமாக உள்ளே இருக்கிறது. அதில் கடைசி வரியை அவர்களாக எழுதவில்லை. "உன் தம்பிக்குப் பூட்டு திறக்கத் தெரியுமா" என்று கேட்டார்கள், "கைவேலைக்காரன் சார் அவன்" என்று நான் சொன்னேன்.

நான் பூட்டை அழுத்தவில்லை. மாட்டிவிட்டுப் போனேன், தினமும் போல. இழுத்துப் பார்க்கவும் இல்லை. திரும்பி வந்தபோது பூட்டு கீழே கிடக்கவில்லை, நீ எடுத்ததை மறுபடி ஒழுங்காக மாட்டிவிட்டுத்தான் போயிருந்தாய். போலீஸ் வருவதற்குள் நான்தான் கழற்றிக் கீழே போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பூட்டினியா இல்லையா? பூட்டலைன்னா நீயும் கூட்டு, ரெண்டு பேரும் உள்ள போவீங்க" என்றார். நாலு பிள்ளைகள் எனக்கு. இரண்டு பேர் போவதற்கு ஒருத்தன் போகட்டும் என்று நினைத்தேன். அந்த ஒருத்தன் யார் என்று முடிவு செய்தது நான். உன்னைக் கேட்கவில்லை.

ஆறு மாதம்தான் ஆகும் என்று நினைத்தேன் என்று சொல்ல வந்தேன். டைப்பிஸ்ட் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டார், இருக்கட்டும்.

உனக்குத் தெரியாத வித்தையை உன்னிடமே எழுதிக் கேட்டேனே, அது வேண்டுமென்று கேட்டதில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது.

இத்துடன் தனிக் காகிதம் ஒன்று இருக்கிறது. பூட்டு பூட்டியிருக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று. எனக்குப் படித்துக் காட்டினார்கள். இடது பெருவிரல் வைத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து டைப்பிஸ்ட் அம்மாவும் டெய்லரும். டெய்லர் படித்துவிட்டு, "இதுக்காகவா என் ஆளக் கொன்னே?" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

குழந்தையிடம் கொடு.

அண்ணன்


மே 1

அண்ணனுக்கு,

காகிதம் கிடைத்தது. நான் ஒரு தடவை படித்தேன். மேஜையில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தையும் படித்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, தலை வாரினாள், டப்பாவில் சாப்பாடு கட்டினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ ஏம்ப்பா அன்னிக்கு கோர்ட்ல கத்தல?" என்று கேட்டாள்.

"கத்தினேம்மா. ரெண்டு பேர் புடிச்சு வெளிய கொண்டுபோனாங்க. நீ அம்மா இடுப்புல இருந்த, என்னப் பாத்து அழுத."

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள், ஒரு செருப்போடு. அன்றைக்கு லாண்டரிக்கு அரை மணி லேட். சாயங்காலம் சாவி வழக்கம்போல அவள் இடுப்பில்தான் இருந்தது. பழக்கம் அது. நான் கேட்கவில்லை.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இத்தனை வருஷம் நான் சொன்னதுதான் சரி என்று ஒருத்தனாகவே சுமந்துகொண்டிருந்தேன். அது இருக்கிற தைரியத்தில்தான் எழுந்து நடந்தேன். இப்போது நீயும் சொல்லிவிட்டாய், அவளும் நம்பிவிட்டாள். கை சும்மா இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தவன் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழுந்தேன். இப்படித் தூங்கி எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை.

பூட்டைக் கழற்றிக் கீழே போட்டது எனக்குத் தெரியாது. அதை நீ எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதிவிட்டாய். நேற்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க வா என்று நீ கேட்கவில்லை. கேட்டாலும் இப்போது வர முடியாது. முட்டியைவிட மனசுதான் ஒத்துழைக்கவில்லை. மன்னிச்சிடு என்று அடுத்த கடிதத்தில் எழுதாதே. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று நான் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிவரும்.

மகள் கேட்கிறாள், பெரியப்பாவுக்கு என்ன வயசு, சாப்பாடு நன்றாகப் போடுகிறார்களா என்று. இந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. உன்னை "அந்த ஆள்" என்போம். அவளாகவே சொன்னாள். இரண்டுக்கும் பதில் எழுது.

பிசியோ சொல்வதைக் கேள். மாத்திரையைத் துப்பாதே, சின்ன வயசிலிருந்து உனக்கு அந்தப் புத்தி உண்டு. இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இரு. உன்மேல் கோபப்பட்டு நான் இன்னும் முடிக்கவில்லை.

தம்பி